மைலேஜ் கூட்டும், பிக்கப் கூட்டும் என்று விற்கும் கருவிகள்: காரில் மாட்டும் முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்குக் கவலை இரண்டு. புளியரை தாண்டிக் கேரள எல்லையில் உள்ள கோட்டைவாசல் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. மாதக் கடைசியில் பெட்ரோல் கணக்கு இடிக்கிறது. இந்த இரண்டையும் தீர்ப்பதாகச் சொல்லி டேஷ்போர்டுக்கு அடியில் செருகும் சிப், பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், லைட்டர் துளையில் மாட்டும் குச்சி என்று பல பொருள்கள் சில நூறு ரூபாய்க்கு வருகின்றன. இவற்றில் எது வேலை செய்யும், எது செய்யாது, அதைச் சொந்த வண்டியில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கீழே உள்ளது.

வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். கருவியை மாட்டுகிற அதே வாரத்தில் சர்வீஸும் முடிகிறது, நான்கு டயருக்கும் காற்று அடிபடுகிறது, மைலேஜ் பார்க்கிறோம் என்ற நினைப்பில் காலும் இலேசாகிறது. மைலேஜ் கூடத்தான் செய்யும். பெயர் மட்டும் கருவிக்குப் போய்விடும்.

1. கையில் இருக்க வேண்டியவை

டயர் பிரஷர் கேஜ் ஒன்று சொந்தமாக வேண்டும். பஞ்சர் கடைக்குக் கடை அளவு மாறும். சோதனை முடியும்வரை ஒரே கேஜில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

அடுத்தது ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர், அதாவது காரின் கணினி தரும் அளவுகளைப் போனில் காட்டும் கருவி, ஈஎல்எம்327 வகை. மலிவுக் கருவிகளில் காசுக்குத் தகுந்த பொருள் என்று தயங்காமல் சொல்லக்கூடியது இதுதான். மைலேஜைக் கூட்டாது, வண்டிக்குள் நடப்பதைக் காட்டும். 2013-க்குப் பின் வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும், அதில் செருகுவது. நகல் சரக்கு அதிகம் என்பதால் வாங்கிய அன்றே கார் ஸ்கேனர் அல்லது டார்க் செயலியில் இணைத்து, என்ஜின் வெப்பமும் ஃப்யூயல் டிரிம்மும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய ப்ளூடூத் வகையை வாங்கினால் இணையாது. வைஃபை அல்லது பிஎல்இ என்று போட்டிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியபடி வாரக்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி இறங்கும்.

இவற்றோடு ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஒரு நோட்டும் போதும்.

2. முதலில் வண்டியைச் சரி செய்யுங்கள்

கருவியைப் பற்றிய பேச்சே இங்கு வேண்டாம். பழுதுள்ள வண்டியில் சோதித்தால் நீங்கள் அளப்பது பழுதை. தவிர, கருவி வாங்க வைத்த பல காரணங்கள் இந்தக் கட்டத்திலேயே காணாமல் போகும்.

டயர் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள். அதில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். புனலூர் போய் வந்த சூட்டில் அளந்தால் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. மறுநாள் காலை டயர் குறைந்த காற்றோடு நிற்கும்.

பிரேக் பிடித்தம். சாரல் காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்திய வண்டிகளில் இது நிறைய வருகிறது. சமதளத்தில் 10 கிமீ ஓட்டுங்கள், பிரேக்கை முடிந்தவரை தொடாமல். நிறுத்தியதும் நான்கு வீல் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்த வீலில் பிரேக் விடவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்து உறுதி செய்யலாம். எந்தச் சிப்பும் இதைச் சரிக்கட்டாது.

தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. இது பலருக்குத் தெரியாத காரணம். என்ஜின் சூடேறுகிறது என்று போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு மூடித் தருகிற பட்டறைகள் நம் பக்கம் இன்னும் உண்டு. அப்புறம் என்ஜின் தன் சூட்டுக்கு வராது. குளிர்ந்த என்ஜின் என்று நினைத்து ஈசியு (என்ஜினை நடத்தும் கணினி) கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 85 முதல் 95 டிகிரிக்குள் நிலைத்து நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் 70-ஐத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டது.

ஃப்யூயல் டிரிம். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியு பெட்ரோலைக் கூட்டுவதையும் குறைப்பதையும் காட்டும் எண் இது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. கூட்டலில் 10-ஐத் தாண்டினால் வண்டி லீனாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் பற்றாமல், ஓடுகிறது: வேக்குவம் குழாயில் வெடிப்பு, பலவீனமான பெட்ரோல் பம்ப் போன்றவற்றைத் தேடுங்கள். கழித்தலில் 10-ஐத் தாண்டினால் ரிச், பெட்ரோல் அதிகம்: ஒழுகும் இன்ஜெக்டரில் இருந்து தொடங்குங்கள்.

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியில் மைலேஜ் அவ்வளவாகக் குறையாது. வருகிற காற்றுக்குத் தகுந்தபடி ஈசியு பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இழுவைதான் போகும். ஆகவே கோட்டைவாசல் ஏற்றத்தில் திணறும் வண்டிக்கு முதல் செலவு புது பேப்பர் ஃபில்டர். என்ஜின் ஆயிலும் புத்தகத்தில் சொன்ன கிரேடுதான். 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினில் “நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா இருக்கட்டும்” என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் அந்தத் தடிமனைச் சுழற்றவே பெட்ரோல் செலவாகும்.

3. கருவி இல்லாமல் மூன்று டேங்க்

மீட்டர் திரையில் வரும் மைலேஜ் இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்து ஈசியு போடும் கணக்கு. சில கருவிகள் ஈசியுவை ஏமாற்றுவதே வேலை என்பதால் அந்தத் திரையை நம்பிச் சோதிக்க முடியாது. பங்க்கில் ஊற்றிய லிட்டர்தான் சாட்சி.

ஒரே பங்க், ஒரே நாசில், வண்டி ஒரே பக்கமாக நிற்க வேண்டும். நாசில் தானாக நிற்கும் முதல் ‘டக்’கோடு நிறுத்தச் சொல்லுங்கள். “ரவுண்டா போட்டுறட்டுமா சார்?” என்று கேட்பார்கள், வேண்டாம். கழுத்துவரை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் மட்டம் மாறும், டேங்க்கின் ஆவி வடிகட்டியும் நனைந்து கெடும்.

ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்டக்கூடாது. 25 லிட்டர் நிரப்பும்போது மட்டத்தில் 1 லிட்டர் பிசகினால் அதுவே 4 சதவீதம். கருவிகள் உண்மையில் எதையாவது செய்தாலும் அதற்கு மேல் செய்யப்போவதில்லை. முதலில் ஒரு முறை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அதன்பின் மூன்று முறை தொடர்ந்து நிரப்பி மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் இடையில் வந்த பிசகுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முதல் நிரப்பலின் பிசகும் கடைசி நிரப்பலின் பிசகும் மட்டும் மிஞ்சும். 75 லிட்டரில் 1 லிட்டர் என்பது 1.3 சதவீதம்.

எல்லைக்கு இப்புறம் பெட்ரோல் விலை குறைவு என்று ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்தினர் இங்கு வந்து நிரப்பிப் போவதுண்டு. அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கணக்கு தொடங்கிய பங்க்கிலேயே முடியவும் வேண்டும். மேலே நிரப்பிக் கீழே முடித்தால் இறக்கம் மைலேஜாகத் தெரியும்.

காற்றையும் எழுதி வையுங்கள். தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்றில்தான் இங்குள்ள காற்றாலைகள் சுற்றுகின்றன. மேற்கே போகும் வண்டிக்கு அது நேர் எதிர். 80 கிமீ வேகத்தில் போகும் காருக்கு 30 கிமீ எதிர்காற்று அடித்தால் காற்றுத் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். கிழக்கே திரும்பும்போது கிடைக்கும் லாபம் அந்த நட்டத்தை ஈடுகட்டாது. ஆடியில் வெறும் வண்டியை அளந்து, ஐப்பசியில் கருவியோடு அளந்தால் எந்தப் பொம்மையும் வெற்றி பெறும். வாளையார் வழியாகப் பாலக்காடு போய்வரும் கோவைக்காரர்களுக்கும் இதே கதைதான். கூட்டத்தில் ஒருவர் சொல்லும் “எனக்கு 3 கிலோமீட்டர் கூடிச்சு” என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் காற்றோ, ஏசியோ, பயணமோ மாறியிருக்கும்.

4. பிக்கப்புக்குத் தனி அளவு

“இழுக்குது” என்ற உணர்வை நம்பாதீர்கள். அதைக் கருவிகள் எளிதில் ஏமாற்றும். செயலியில் வேகத்துக்கு நேரம் பார்க்கும் வசதி உண்டு. போக்குவரத்து இல்லாத, நேரான, சமதளச் சாலையில் மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 கிமீ வரை முழுதாக மிதித்து எத்தனை வினாடி ஆகிறது என்று எடுங்கள். போக மூன்று, வர மூன்று, ஆறின் சராசரி. மலைப்பாதையில் இதைச் செய்யவே கூடாது. வளைவும் லாரியும் உள்ள இடம் அது.

அதிகாலையில் எடுங்கள், ஏசி அணைத்து, அதே ஆட்களோடு, டேங்க் பாதி இருக்கும்போது. காற்றின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைகிறது. என்ஜின் பலமும் ஏறக்குறைய அந்த அளவு இறங்கும். மதியம் எடுத்த எண்ணையும் விடியற்காலை எடுத்த எண்ணையும் ஒப்பிட்டால் வெயிலைத்தான் அளந்ததாகும்.

5. கருவி எதைத் தொடுகிறது என்று பாருங்கள்

என்ஜினுக்குள் போகும் காற்று, எரிபொருள், தீப்பொறி நேரம் இந்த மூன்றில் ஒன்றையாவது மாற்றாத பொருள் பலத்தைக் கூட்டாது. பெட்ரோல் என்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கை ஆக்சிஜன் சென்சாரை வைத்து ஈசியு நொடிக்கு நொடி காத்துக்கொண்டிருக்கிறது. எரியாமல் வீணாகும் பெட்ரோலைப் பிடித்துத் தருகிறோம் என்பவர்களுக்குப் பிடிக்க அங்கு பெரிதாக எதுவும் மிச்சமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்திருக்கிறது. மிகச் சிலவே ஏதோ சிறு பயன் தந்தன.

ஓபிடி சிப். வண்டியின் கணினியோடு பேசி டியூனிங்கை மாற்றுவதாகச் சொல்வார்கள். சாக்கெட்டில் 16-ஆம் பின் பேட்டரி பிளஸ், 4-ஆம் பின் எர்த், 6-ம் 14-ம் கேன் (வண்டியின் கணினிகள் தங்களுக்குள் பேசும் இணைப்பு) தகவல் கம்பிகள். சிப்பைக் கையில் வைத்து 16-க்கு பிளஸும் 4-க்கு மைனஸும் 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள், துருவம் மாறக்கூடாது. கார் இல்லாத இடத்திலும் அதே எல்இடிகள் அதே தாளத்தில் மின்னினால் அது யாரோடும் பேசவில்லை. திறந்து பார்த்தால் பெரும்பாலும் விளக்கை மின்னவைக்கும் ஒரு சிறு சிப் மட்டும் இருக்கும். கேன் கம்பியோடு பேசத் தேவையான டிரான்ஸீவர் இருக்காது. “150 கிலோமீட்டர் ஓடினால் உங்கள் ஓட்டும் விதத்தைக் கற்றுக்கொள்ளும்” என்ற வரி, அதற்குள் உங்கள் கால் பழகிவிடும் என்பதற்காக.

லைட்டர் துளைக் குச்சி. உள்ளே ஒரு கெபாசிட்டரும் எல்இடியும். ஓடும் வண்டியில் ஆல்டர்னேட்டர் ஏற்கெனவே 14 வோல்ட்டை ஒட்டித்தான் நிறுத்துகிறது, நிலைப்படுத்த எதுவும் பாக்கியில்லை. மட்டமான கெபாசிட்டர் வெயிலில் நிற்கும் காருக்குள் சூடாகி உப்பும். இதை மாட்டவே வேண்டாம்.

எர்த் வயர் கிட். இதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. பழைய வண்டியில் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் புது வயர் பயன்படும். அதை வாங்காமலே அறியலாம்: மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் முனையிலும் இன்னொன்றை என்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டை ஒட்டி இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது, கிட் வீண். 0.5-ஐத் தாண்டினால் முதலில் பழைய இணைப்பைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள்; அதிலேயே சரியாகிவிடுவது அதிகம்.

காந்தம். பெட்ரோல் மூலக்கூறுகளை அந்தக் காந்தம் பிரிக்காது, வரிசைப்படுத்தாது. தீங்கில்லை, பயனும் இல்லை.

காற்றைச் சுழலவைக்கும் தகட்டு விசிறி. ஏர் குழாய்க்குள் செருகுவது. காற்று வரும் வழியில் தடை வைத்துவிட்டு இழுவை கூடும் என்பது எப்படிப் பொருந்தும்? அந்தச் சுழல் த்ராட்டில் தட்டைத் தாண்டும்போதே கலைந்துவிடும். வெல்டிங் விட்டு ஒரு தகடு உள்ளே போனால் என்ஜின் செலவு.

வெப்ப சென்சார் ரெசிஸ்டர். உள்ளே வரும் காற்று குளிர்ந்தது என்று ஈசியுவை நம்பவைப்பது. சில ரூபாய்ச் சாமானைப் பல நூறுக்கு விற்கிறார்கள். முதலில் வண்டி துடிப்பாகத் தெரியலாம். சில நாளில் ஃப்யூயல் டிரிம் அதைத் திருத்திவிடும். திருத்த முடியாத பகுதி நாக்கிங்காகவோ (என்ஜினில் தட்டும் சத்தம்) செக் என்ஜின் லைட்டாகவோ வரும்.

த்ராட்டில் கன்ட்ரோலர். சொன்னதைச் செய்யும் கருவி. ஆனால் சொன்னது என்ன என்று கவனியுங்கள். கால் பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகச் சொல்லும். முழு மிதியில் கூடுதலாக எதுவும் வராது. 4-ஆம் பிரிவின் முழு மிதி அளவில் வினாடி மாறாமல் இருப்பதைப் பார்த்தாலே புரியும். பெடல் சென்சாரில் இரண்டு சிக்னல் ஒன்றையொன்று சரிபார்க்கும். மட்டமான பெட்டியில் இரண்டும் பொருந்தாமல் போனால் வண்டி லிம்ப் மோடுக்குப் போய் வேகமே எடுக்காது. புளியரை எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தண்ணீரைப் பிரித்து வாயு தரும் கிட். தண்ணீரைப் பிரிக்க ஆகும் மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து, ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது அதே பெட்ரோல். ஒவ்வொரு கட்டத்திலும் இழப்பு. திரும்பக் கிடைப்பது போட்டதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பானெட்டுக்குள் எரியும் வாயுவை வைத்திருப்பது தனி அபாயம்.

டீசல் பவர் பெட்டி. இந்தப் பட்டியலில் உண்மையிலேயே பிக்கப் கூட்டுவது இது, அதனாலேயே அதிகம் அஞ்ச வேண்டியதும் இது. ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்கு டீசல் போகும் குழாயின் அழுத்தம்) குறைவு என்று பொய் சொல்லி ஈசியுவை அழுத்தம் கூட்ட வைக்கிறது. டீசல் அதிகம் பாய்கிறது. விலை உயர்ந்தவை என்ஜின் வேகத்துக்குத் தகுந்து கூட்டும். மலிவானவை எல்லா இடத்திலும் ஒரே பொய்யைச் சொல்லும். கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர் மூன்றும் சேர்ந்து தேயும். பிஎஸ்6 வண்டியில் புகைக்கரி டிபிஎஃப் வடிகட்டியை அடைக்கும், அதன் விலை பெட்டியைப் போலப் பல மடங்கு.

ஆக்டேன் கூட்டும் பாட்டில். 91 ஆக்டேனுக்கு வடிவமைத்த சாதாரணக் காருக்கு அதற்கு மேல் எதுவும் செய்யத் தெரியாது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபின் மைலேஜ் குறைந்தது என்று இதை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அந்தக் குறை டேங்க்கிலேயே இருக்கிறது. பாட்டிலோ சிப்போ அதை மீட்டுத் தராது.

6. மாட்டி மூன்று, கழற்றி மூன்று

5-ஆம் பிரிவைத் தாண்டியும் ஒரு கருவி மேல் நம்பிக்கை இருந்தால் அதை மட்டும் மாட்டுங்கள். கூடவே ப்ளக்கோ ஆயிலோ மாற்றாதீர்கள். மூன்று டேங்க் ஓட்டி அதே முறையில் கணக்கெடுங்கள். பிறகு கழற்றிவிட்டு இன்னும் மூன்று டேங்க். கழற்றியபின் பழைய எண்ணுக்குத் திரும்பினால்தான் கூடியது கருவியால். திரும்பாமல் அங்கேயே நின்றால் மாறியது பருவமோ உங்கள் காலோ. இந்தக் கடைசி மூன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மாட்டும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் போடச் சொன்னால் செய்யாதீர்கள். ஈசியு கற்றுவைத்த டிரிம், ஐட்லிங் அளவுகள் அழிந்து சில நாள் வண்டி வேறு மாதிரி நடக்கும். அந்த மாற்றம் கருவியின் கணக்கில் சேரும்.

ஓபிடி சிப் போன்ற மறைவான பொருளென்றால் தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்து, எந்த டேங்க்குக்கு மாட்டினார், எதற்குக் கழற்றினார் என்பதை அவரே எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஓட்டுபவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கால் பேசும்.

செலவுக் கணக்கையும் அப்போதே போடுங்கள். மாதம் 1,000 கிமீ, லிட்டருக்கு 18 கிமீ தரும் வண்டி, லிட்டர் வட்டமாக 100 ரூபாய். 3 சதவீதம் உண்மையாகவே கூடினாலும் மிச்சம் மாதம் ஏறக்குறைய 160 ரூபாய்.

7. வயரைத் தொடும் முன் சட்டம், வாரண்டி

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. எல்லை தாண்டிப் போய்வருபவர்கள் இதை நினைவில் வையுங்கள்: கேரள மோட்டார் வாகனத் துறை சைலன்சர், விளக்கு மாற்றங்களைக் கண்டிப்போடு பார்க்கும். வாரண்டி உள்ள வண்டியில் வயரை வெட்டி இணைத்தால் அந்தப் பக்கத்து மின்பழுது எதற்கும் கோரிக்கை நிற்பது கடினம்.

8. திருப்பி அனுப்பும் கெடு

இணையத்தில் வாங்கினால் திருப்ப 7 அல்லது 10 நாள்தான் இருக்கும். ஆறு டேங்க் அதற்குள் முடியாது. ஆகவே பொருள் வருவதற்கு முன்பே 2, 3, 4-ஆம் பிரிவு வேலைகளை முடித்து வையுங்கள். பெட்டி பிரிப்பதைக் காணொளி எடுங்கள். வந்த நாளே 12 வோல்ட் சோதனையும், மறுநாள் விடியற்காலை 40-80 அளவும் எடுத்தால் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். சிப்பைத் திறந்து பார்ப்பதானால் திருப்பப் போவதில்லை என்று முடிவான பிறகு. ஓபிடி சிப்பை வண்டியில் செருகுவதென்றால் சாவி அணைத்த நிலையில் செருகுங்கள். டேஷ்போர்டில் ஏதாவது எச்சரிக்கை விளக்கு புதிதாக எரிந்தால் உடனே கழற்றி, ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டைப் படித்து எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் அதை அழிக்க வேண்டும்.